பிளஸ் டூ வருடத்தில் வீடுகள் செய்யும் தவறுகள்

பிள்ளை பதினோராம் வகுப்புப் பரீட்சையை முடித்துவிட்டு வந்ததுமே பல வீடுகளில் வேலை தொடங்கிவிடும். கேபிள் கனெக்‌ஷனைத் துண்டிப்பார்கள். சாயங்கால கிரிக்கெட் நிற்கும். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் கிளம்புவார்கள், “அவனுக்குப் படிப்பு இருக்கு” என்று அவனை மட்டும் விட்டுவிட்டு. அலாரம் நாலு மணிக்கு வரும். எல்லாம் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். ஆனால் தூக்கம், விளையாட்டு, நண்பர்கள், சொந்தபந்தம் என்று பதினேழு வயது மனதைத் தாங்கிப் பிடிக்கிற அத்தனையும், அழுத்தம் கூடுகிற அதே வருடத்தில்தான் பறிபோகின்றன. பிற்பாடு “ஏன் இப்படி எரிந்து விழுகிறான்?” என்று கேட்கிறோம்.

இதில் பெரிய தவறு தூக்கத்தில் கைவைப்பதுதான். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பருவ வயதில் உடம்புக் கடிகாரமும் கொஞ்சம் தள்ளிப்போகும். தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் அந்த வயதில் தாமதமாகத்தான் சுரக்கிறது. பத்து மணிக்குப் படுத்தும் பிள்ளை புரண்டுகொண்டிருந்தால் அதைத் திமிர் என்று நினைக்க வேண்டாம். பதினோரு மணிக்குத் தூங்கியவனை நாலு மணிக்கு எழுப்பி உட்காரவைத்தால் என்ன நடக்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். பூஸ்ட் டம்ளரில் ஆடை படிந்திருக்கும். பிசிக்ஸ் புத்தகம் அரை மணி நேரமாக ஒரே பக்கத்தில் திறந்திருக்கும். ஏற்கெனவே கோடு போட்ட வரிக்கு மேல் பையன் இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருப்பான். படித்ததை மூளை பதியவைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை வெட்டிவிட்டுப் படிப்பு நேரத்தைக் கூட்டினால் மார்க்கும் ஏறாது, பதற்றம்தான் ஏறும். இதோடு ராத்திரி பத்து மணிக் காபி வேறு. காபியில் உள்ள காஃபினில் பாதி உடம்பிலிருந்து இறங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலைப் படிப்பு சிலருக்கு நன்றாக ஒத்துப்போகும், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ராத்திரி எட்டரை, ஒன்பதுக்கே படுத்துவிடுகிறவர்கள்.

போன் விஷயத்தில் வீட்டுக்கு வீடு சண்டை. ராத்திரியில் போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் கிடப்பது நல்லது, அப்பாவின் போனும் சேர்த்து. ஆனால் எதற்கெடுத்தாலும் போனைப் பிடுங்குவதும் உடைப்பதும் வேறொரு வினையைக் கொண்டுவரும். யாரோ ஒருவன் படத்தை வைத்து மிரட்டும்போது வீட்டில் சொன்னால் போன் போய்விடும், பள்ளிக்கூடமும் நின்றுவிடும் என்று பயந்தே பல பெண்பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். “என்ன ஆனாலும் முதலில் என்னிடம் சொல், போனைப் பிடுங்க மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். இணைய மிரட்டலுக்குப் புகார் செய்ய 1930 என்ற எண் இருக்கிறது.

அடுத்தது, உடம்பு சொல்வதை நடிப்பு என்று தள்ளுவது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருகிறது, ஸ்கேனில் ஒன்றுமில்லை. உடனே “ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க நாடகம்” என்று தீர்ப்பு. மனம் பதறினால் குடலுக்கும் அது தெரியும். அந்த வலி நிஜமான வலி. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எப்போதும் சோர்வாக இருக்கிற பெண்ணுக்கு எல்லாம் டென்ஷன்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருக்கலாம். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இது பிள்ளைகளுக்கு: பயமாக இருக்கிறது என்று மாடல் டெஸ்டுக்கு லீவு போடாதீர்கள். அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், அடுத்த டெஸ்டுக்குப் பயம் இரண்டு மடங்காக வரும். பாதிதான் படித்திருந்தாலும் போய் எழுதுங்கள். அப்புறம், ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் தெரிந்ததுபோல ஒரு மயக்கம்தான் வரும். புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தால் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று தெரியும். காரணம் தெரியாத பயத்தைவிட “மூன்று பாடம் பாக்கி” என்ற பயம் எவ்வளவோ மேல்.

பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. வீடுகளில் அது இன்னும் ஓயவில்லை. பெரியம்மா மகள் 580 எடுத்தாள் என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும், நீங்கள் வேறு சொல்ல வேண்டாம்.

“என்னடா, ஒரு மாதிரி இருக்கே?” “ஒண்ணுமில்லம்மா.” “அப்போ போய்ப் படி.” பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது. எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் பேசாது. வண்டியில் டியூஷனுக்குக் கூட்டிப்போகும்போது, பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அறிவுரை வேண்டாம்.

தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் மாறி இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரை பழகிவிடும் என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் தூக்க மாத்திரை போலப் போதைப் பழக்கம் ஆவதில்லை. ஆனால் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் தொல்லை வரும்.

“இருந்து என்ன பிரயோஜனம்” என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. டெலிமானஸ் என்பது அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை சேவை. அதன் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழகத்தில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு. பிள்ளைகளே நேராகக் கூப்பிடலாம்.

ரிசல்ட் வரும் நாளில் வீட்டில் ஒருவராவது லீவு போட்டு இருங்கள். எவ்வளவு மார்க் என்று கேட்டு வரும் போன்களை நீங்களே எடுங்கள். ஒரு பாடம் போயிருந்தால் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதியைப் பார்த்து வையுங்கள். அது சில வாரங்களிலேயே வந்துவிடும், தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேரவும் வழி இருக்கிறது. இந்தத் தகவலை ரிசல்டுக்கு முந்தின ராத்திரியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.