காயப்பட்ட மீனுக்கு முதல் மருந்து தண்ணீர்தான்

துடுப்பு கிழிந்து, செதில் உரிந்து, மூலையில் ஒதுங்கிக் கிடக்கிற மீனைப் பார்த்ததும் பலரும் கடைக்கு ஓடி நீல மருந்தை (மெத்திலீன் புளூ) வாங்கி வந்து தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் அதைத் தனியாகப் பிரியுங்கள், இல்லையென்றால் மற்ற மீன்கள் காயத்தையே கொத்திக்கொண்டிருக்கும்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எல்லார் வீட்டிலும் இரண்டாவது தொட்டி இருக்காது. சோப்பு படாத 10 லிட்டர் வாளி ஒன்று போதும். மீனை வலையில் பிடிக்காமல் கிண்ணத்தில் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள், ஏனென்றால் அதன் உடம்பில் இருக்கும் வழுவழுப்புதான் கிருமிக்குத் தடுப்பு, வலை உரசினால் அதுவும் போய்விடும். வாளிக்கு மூடி வேண்டும், காற்றுக் குழாய் வேண்டும். பைட்டர் மீன் (சண்டை மீன்) மேலே வந்து காற்றைக் குடிக்கும் என்பதால் அதற்குத் தண்ணீர் ஆழமில்லாமல் இருந்தாலே சுகம்.

அடுத்தது உப்பு. நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு வெளியே தண்ணீரில் இருப்பதைவிட அதிகம், அதனால் தோலில் காயம் பட்டால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும், உடம்பு உப்பு வெளியே கசியும், மீன் தன் பலத்தையெல்லாம் அதைச் சரிக்கட்டவே செலவழிக்கும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தப் பாரம் குறைகிறது. லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பில் ஆரம்பியுங்கள், தனியாகக் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். கெளுத்தி வகைக்கு அதில் பாதி போதும்.

தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். வாளியில் பில்டர் இல்லாததால் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா சீக்கிரம் ஏறிவிடும், அது காயத்தை ஆறவே விடாது. குழாய்த் தண்ணீருக்கு, அதிலுள்ள குளோரினை முறிக்கும் ஆண்டி குளோரின் போடுங்கள். எடுத்த தண்ணீருக்கு எவ்வளவு உப்போ அவ்வளவு மட்டும் திரும்பப் போடுங்கள், ஏனென்றால் உப்பு ஆவியாகிப் போகாது. செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம், அங்கே பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் கலந்திருக்கலாம். மரத்தடியில் தானாக விழுந்து காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை கிடைத்தால் கழுவி ஒன்று போடலாம், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம்.

இப்போது காயத்தை உற்றுப் பாருங்கள். கிழிந்த துடுப்பின் ஓரத்தில் நிறமில்லாத மெல்லிய சவ்வு தட்டையாகத் தெரிந்தால் அது புதுத் துடுப்பு வளர்கிறது, நோய் இல்லை. பஞ்சு மாதிரி வெள்ளையாகப் புசுபுசுவென்று கிளம்பினால்தான் பூஞ்சை, நீல மருந்துக்கு வேலை அப்போதுதான், அதையும் வாளியிலேயே போடுங்கள். பெரிய தொட்டியில் ஊற்றினால் பில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். காயத்தின் சிவப்பு உடம்புக்குள் பரவினாலோ, குழிப்புண்ணாக ஆனாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு முதல் நாள் வேண்டாம், அப்புறம் கொஞ்சமாகக் கொடுங்கள், மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, டெங்கிக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் காற்று மோட்டாரை நிறுத்தி, வாளியையும் தொட்டியையும் இறுக மூடிவிடுங்கள். அந்தப் புகையில் இருக்கும் பூச்சிக்கொல்லி மீனுக்குக் கடும் விஷம், மோட்டார் ஓடினால் அதை நேராகத் தண்ணீருக்குள்ளேயே தள்ளும். புகை முழுக்கக் கலைந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

காயம் மூடி, மீன் தானாகத் தேடி வந்து சாப்பிட்டால் பழைய தொட்டிக்கு அனுப்பலாம். அதற்கு முன் எதனால் காயம் பட்டது என்று பாருங்கள்: கூர்மையான அலங்காரக் கல் என்றால் எடுத்துவிடுங்கள், இன்னொரு மீன் கடித்தது என்றால் கல்லையும் செடியையும் இடம் மாற்றி வையுங்கள், அதன் எல்லை கலைந்தால் சண்டை குறையும். கடித்தது இன்னொரு ஆண் பைட்டர் என்றால் இரண்டையும் ஒரே தொட்டியில் விடவே கூடாது.