ஈஜிஆர் வால்வை மாற்றியும் அதே கோடு ஏன் வருகிறது?

வெளியேறும் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடும் ஏற்பாடுதான் ஈஜிஆர்; அந்த வழியைத் திறந்து மூடுவது அதன் வால்வு. ஸ்கேனரில் பி0401 என்ற பழுதுக் கோடு வந்ததும் "அண்ணே, வால்வு போச்சுண்ணே" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடும் பழக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பட்டறைகளில் புதுப் பையன்களிடம் இன்னும் போகவில்லை. பிளக் கழன்று கிடப்பது, ஃபியூஸ் போவது மாதிரியானவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பணத்தைத் தின்பவை வேறு.

கோடைப் பார்த்து வால்வு வாங்குவது

திரும்பி வரும் புகை போதவில்லை என்று இசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. பி0401 சொல்வது அவ்வளவுதான். பல டீசல் வண்டிகளில் அந்தப் புகையை நேரடியாக அளக்க சென்சார் கிடையாது. வால்வு திறந்தால் புகை சிலிண்டரில் இடம் பிடிக்கும், ஃபில்டர் வழியே வரும் காற்று அந்த அளவுக்குக் குறையும். ஏர் ஃப்ளோ சென்சாரில் அது குறையாவிட்டால் புகை வரவில்லை என்று இசியூ முடிவு கட்டிவிடும். அதனால் சென்சார் கூட்டிக் காட்டினாலும், டர்போவுக்கு அப்பால் ஹோஸ் கசிந்தாலும் பழி வால்வு மேல்தான் விழும்.

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு ஓடும் பிக்கப் ஒன்றுக்குப் புது வால்வு போட்டு அனுப்பினார்கள். அந்த வாரமே லைட் எரிந்தது. குற்றவாளி, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப். ஹோஸின் அடிப்பக்கம் விரலை ஓட்டியிருந்தால் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். ஐடிலில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) இருக்காது, கசிவும் தெரியாது. அதனால்தான் பட்டறையில் நல்லபடியாக இருக்கும் வண்டி ரோட்டில் கோடு போடுகிறது. எலக்ட்ரிக்கல் சாமான் பெட்டியைப் பிரித்துவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்கவும் மாட்டார். இவ்வளவு செலவும் ஒரு கிளிப்புக்காக!

வால்வைத் தொடும் முன், கூலன்ட் 80 டிகிரி ஏறிய இன்ஜினை ஐடிலில் விட்டு ஸ்கேனர் வழியாகவே வால்வைத் திறந்து மூடிப் பாருங்கள். கட்டளை போகிறது, பொசிஷன் நகரவில்லை என்றால் வால்வோ வயரிங்கோ. பொசிஷன் நகர்கிறது, காற்று இறங்கவில்லை என்றால் வழியில் கரி: பைப், புகையைக் குளிர்விக்கும் கூலர், மேனிஃபோல்டு வாய் மூன்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். காற்று பளிச்சென்று இறங்கினால் வால்வை விட்டுவிட்டு சென்சார், ஹோஸ் பக்கம் போங்கள்.

சென்சாரைச் சோதிக்கக் கையேடு வேண்டாம். 1248 சிசி, 4 சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 312 சிசி. நம்ம ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.1 கிராம். பெருக்கினால் 343 மில்லிகிராம்; சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதால் ஈஜிஆர் மூடியிருக்கும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்கு 300 சொச்சம் வர வேண்டும். வால்வைத் திறந்தால் 200 பக்கம் இறங்கினால் வழி நன்றாக இருக்கிறது. மூடிய நிலையிலேயே 400 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, அந்த சிலிண்டர் அவ்வளவு காற்றை ஐடிலில் இழுக்கவே முடியாது.

ஐடிலில் ஈஜிஆர் திறப்பு 0 என்று பார்த்துப் பயப்படுவது

இன்ஜின் சூடாகும் முன் பெரும்பாலும் ஈஜிஆர் திறக்காது. நெடுநேரம் ஐடிலில் விட்டாலும் பல வண்டிகளில் இசியூவே மூடிவிடும். லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து விட்டுப் பாருங்கள்.

"ஏத்தத்துல இழுக்கல"

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்பார்கள். முழு லோடில் ஈஜிஆர் மூடித்தான் இருக்கும். அடைத்துப்போன வழியால் இழுவை போகாது. கூடவே கரும்புகை தள்ளினால் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கலாம்.

பி0402 வந்தால்

திரும்பி வரும் புகை அதிகம் என்று இசியூ சொல்லும் கோடு இது; ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தாலும் வரும். முதலில் ஏர்ஃபில்டர். கிரானைட் குவாரி ரோட்டில் ஓடும் வண்டியென்றால் கேள்வியே வேண்டாம்.

வேக்கம் வால்வு

வேக்கம் இழுத்துத் திறக்கும் வகை வால்வு என்றால், கைப்பம்பை மாட்டி இழுத்ததும் முள் நிற்க வேண்டும். இறங்கினால் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. முள் நின்றால் வால்வைக் கழற்றாமல், வேக்கத்தைத் திறந்து விடும் சாலினாய்டையும் வெடித்த ஹோஸையும் பாருங்கள்.

கார்ப் கிளீனர்

ஏர் ஃப்ளோ சென்சாரில் அடிக்காதீர்கள். அதற்கென்றே தனி ஸ்பிரே இருக்கிறது. எலக்ட்ரிக் வால்வில் கரி பிடித்த முனையை மட்டும், மோட்டார் மேலே இருக்கும்படி பிடித்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டால் புகை வெளியே கசியலாம்.

ஈஜிஆர் வழியை அடைக்கத் தகடு அடிப்பது

பிஎஸ்6 வண்டியில் பேச்சுக்கே இடமில்லை.

கூலன்ட் குறைந்தால் ஹெட்டைக் கழற்றுவது

வெள்ளைப் புகை வருகிறது, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை என்றால் ஈஜிஆர் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். ரேடியேட்டருக்குப் பிரஷர் ஏற்றிவிட்டு, கூலரிலிருந்து வரும் பைப்பைக் கழற்றுங்கள். உள்ளே கரி ஈரமாக இருந்தால் ஹெட் போல்ட்டில் கை வைக்க வேண்டாம்.