பெரிய வீட்டுக்கு இரண்டு மூன்று பாய்லர்கள்: இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் ஏழெட்டுப் படுக்கையறை கொண்ட பழைய செங்கல் வீடுகளில், ஒரே பெரிய பாய்லருக்குப் பதிலாகச் சுவரில் மாட்டும் கேஸ் பாய்லர்கள் இரண்டையோ மூன்றையோ ஒன்றாக இணைத்து வைப்பதுண்டு. இவை சூடாக்கும் தண்ணீர் குழாய்கள் வழியாக அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்குப் போய் வீட்டைச் சூடாக்குகிறது. நோக்கம் நல்லதுதான். ஒன்று பழுதானாலும் வீடு குளிர்ந்துபோகாது. அக்டோபரின் இளங்குளிருக்கு ஒன்று போதும். ஜனவரியில் எல்லாம் சேர்ந்து எரியும். ஆனால் பாய்லர்களை வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் இந்த நன்மைகள் கிடைத்துவிடாது. அவற்றுக்கு இடையே ஓடும் குழாயும் பம்பும் வால்வும் கட்டுப்பாட்டுக் கருவியும் சரியாக அமைய வேண்டும். வீட்டுக்காரர்கள் எந்தக் கம்பெனி பாய்லர் என்பதைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அந்தக் குழாய்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் தொடங்குவது

முதல் தவறு, பழைய பாய்லரின் அளவைப் பார்த்துப் புதியவற்றை வாங்குவது. முன்பு இருந்தது 100 கிலோவாட், அதனால் இப்போது 40 கிலோவாட்டில் மூன்று என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பழைய பாய்லரே ஒரு காலத்தில் யாரோ குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம். அதன் பிறகு கூரைக்கு வெப்பக் காப்பு போட்டிருப்பார்கள், ஜன்னல்களை இரட்டைக் கண்ணாடியாக மாற்றியிருப்பார்கள்.

ஒவ்வோர் அறையாகச் சுவர், ஜன்னல், தரை, கூரை வழியாக எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கணக்கிட வேண்டும். வெளியே மைனஸ் 2 டிகிரி, உள்ளே 21 டிகிரி என்ற நிலையில் ஒரு வீட்டுக்கு 45 கிலோவாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். வெளியே 7 டிகிரி இருக்கும் சாதாரணக் குளிர்கால நாளில் அதே வீட்டுக்கு ஏறக்குறைய 27 கிலோவாட் போதும். 14 டிகிரி இருக்கும் நாளில் 14 கிலோவாட்கூட வேண்டாம். மாலையில் ஒரு தளத்தை மட்டும் சூடாக்கினால் தேவை நாலைந்து கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். பாய்லரால் தன் சுடரை ஓரளவுக்குக் கீழே குறைக்க முடியாது. 40 கிலோவாட் பாய்லர் 8 கிலோவாட்டுக்குக் கீழே போகாது என்றால், அது எரிவதும் அணைவதுமாகவே அந்த மாலையைக் கழிக்கும். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் கேஸ் வீணாகிறது, பாகங்களும் தேய்கின்றன. ஆகவே, மொத்தத் திறனைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பாய்லர் எவ்வளவு கீழே இறங்கும் என்று கேளுங்கள். இந்த வீட்டுக்கு, 3 கிலோவாட் வரை இறங்கக்கூடிய 30 கிலோவாட் பாய்லர்கள் இரண்டு நன்றாகப் பொருந்தும்.

கணக்கு 35 கிலோவாட்டுக்குள் வந்துவிட்டால் ஒரே பாய்லரே போதும் என்பதுதான் என் கருத்து. இணைப்பு என்பது கூடுதல் குழாய், கூடுதல் பம்ப், கூடுதல் பராமரிப்பு. தேவையில்லாத இடத்தில் அதைப் போட வேண்டாம்.

கேஸ் மீட்டரை மறந்துவிடுவது

வீடுகளில் பொதுவாக இருக்கும் மீட்டர் மணிக்கு 6 கன மீட்டர் கேஸ் விடக்கூடியது. கிலோவாட்டில் சொன்னால் சுமார் 65. 30 கிலோவாட் என்பது பாய்லர் தரும் வெப்பம்; அதற்கு எரிக்கும் கேஸ் அதைவிட அதிகம். அதனால் இரண்டு 30 கிலோவாட் பாய்லர்கள் முழு வீச்சில் எரிந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். அதற்கு மேல் சமையல் அடுப்பு வேறு இருக்கிறது. மீட்டரை மாற்றுவது பாய்லர் பொருத்துபவர் கையில் இல்லை. கேஸ் வழங்கும் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்; தெருவிலிருந்து வரும் குழாயும் போதாதென்றால் தோண்டும் வேலையும் சேரும். பாய்லர்கள் வந்திறங்கிய பிறகு இது தெரிந்தால் வேலை அப்படியே நின்றுபோகும்.

மீட்டர் சரியாக இருந்தாலும், அங்கிருந்து பாய்லர் வரை வரும் குழாயில் அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது. இதை எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஒரு பாய்லரை மட்டும் எரியவிட்டு அளந்து கையெழுத்துப் போடுவதில் பொருளே இல்லை.

இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: 70 கிலோவாட். ஓர் அறையிலுள்ள பாய்லர்களின் நிகர உள்ளீடு, அதாவது புகையின் நீராவியில் போகும் வெப்பத்தைக் கழித்துக் கணக்கிட்ட கேஸ் வெப்பம், மொத்தமாக இதைத் தாண்டினால், காற்றோட்டத்துக்குச் சாதாரண வீட்டு விதிகள் போதாது. பெரிய பாய்லர் அறைகளுக்கான பிஎஸ் 6644 என்ற பிரிட்டிஷ் தரநிலை வந்துவிடும். வேலைக்கு வருபவரின் கேஸ் சேஃப் அட்டையை, அதாவது பதிவுபெற்ற கேஸ் பொறியாளர் என்பதற்கான அடையாள அட்டையை, திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றிருக்கிறார் என்பது பின்பக்கத்தில் இருக்கும். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

தண்ணீர் எங்கே கலக்கிறது என்று பார்க்காதது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரிது. கண்ணுக்குத் தெரியாததும் இதுதான்.

இன்றைய கண்டென்சிங் பாய்லர்கள் சிக்கனமாக இருப்பதற்குக் காரணம், புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்வது. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். இன்னும் குளிர்ந்து வந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், வெப்ப அமைப்பைப் புதிதாகவோ முழுமையாக மாற்றியோ போடும்போது, முடிந்த இடங்களில் அனுப்பும் நீரே 55 டிகிரியைத் தாண்டாதபடி வடிவமைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

பல பாய்லர்களை இணைக்கும்போது, பாய்லர் பக்கத்துச் சுற்றையும் ரேடியேட்டர் பக்கத்துச் சுற்றையும் பிரிக்க நடுவே ஒரு தடித்த செங்குத்துக் குழாய் வைப்பார்கள். லோ லாஸ் ஹெடர் என்பது இதன் பெயர். இரு பக்கப் பம்புகளும் ஒன்றையொன்று இழுக்காமல் ஓட இது உதவுகிறது. ஆனால் இரு பக்கமும் ஓடும் தண்ணீரின் அளவு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பாய்லர் பக்கம் மணிக்கு 2.6 கன மீட்டரும் ரேடியேட்டர் பக்கம் 1.3 கன மீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். 70 டிகிரியில் போகும் தண்ணீரில் பாதிதான் ரேடியேட்டருக்குப் போகும். மறுபாதி வீட்டைச் சுற்றாமலேயே ஹெடருக்குள் இறங்கிவிடும். ரேடியேட்டரிலிருந்து 50 டிகிரியில் வரும் தண்ணீரோடு அது கலந்து 60 டிகிரியாகப் பாய்லருக்குத் திரும்பும். கண்டென்சிங் அங்கேயே நின்றுபோகிறது.

நேர்மாறாக, ரேடியேட்டர் பக்கம் இருமடங்கு ஓடினால் திரும்பி வரும் குளிர்ந்த நீர் ஹெடரில் மேலேறி, ரேடியேட்டருக்குப் போகும் நீரோடு கலக்கும். பாய்லர் 70 டிகிரியில் அனுப்பினாலும் ரேடியேட்டருக்கு 57, 58 டிகிரிதான் கிடைக்கும். அறை சூடாகவில்லை என்று வீட்டுக்காரர் பாய்லரை 80 டிகிரிக்கு ஏற்றுவார். அறை சூடாகும், கேஸ் பில்லும் ஏறும், குறை என்னவென்று யாருக்கும் தெரியாது. பம்புகளின் வேகத்தை அளந்து பொருத்துவது அரை நாள் வேலை. அதைச் செய்தாரா என்று கேளுங்கள். செய்திருந்தால் எண்கள் எழுதிவைத்திருப்பார்.

ஓடாத பாய்லருக்குள் ஓடும் தண்ணீர் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோளாறு. ஒரு வீட்டின் பாய்லர் அறையில் மூன்றாவது பாய்லரின் குழாயைத் தொட்டால் கை சுட்டது; அதன் திரையிலோ அது பல நாள்களாக எரியவே இல்லை என்றிருந்தது. முதல் பாய்லர் சூடாக்கிய தண்ணீர், ஹெடருக்குப் போகாமல் மூன்றாவதன் வழியாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாய்லரின் கிளையிலும் ஓர் ஒருவழி வால்வு இருந்திருந்தால் இது நடந்திருக்காது. சிறிய செலவு, ஆனால் விட்டுப்போவது அதிகம். உங்கள் வீட்டிலும் ஓடாத பாய்லரின் குழாயைத் தொட்டுப் பாருங்கள்.

குழாயின் பருமனும் இங்கேதான் வருகிறது. போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருக்க, 60 கிலோவாட்டைக் கொண்டுபோக நிமிடத்துக்கு 43 லிட்டர் ஓட வேண்டும். ஒவ்வொரு பாய்லருக்கும் 22 மில்லிமீட்டர் போட்டு, இரண்டும் சேரும் இடத்தில் 28 மில்லிமீட்டர் போட்டால் தண்ணீரின் வேகம் கூடி இரைச்சல் எழும். அங்கே 35 மில்லிமீட்டர் வேண்டும். எல்லாப் பாய்லர்களுக்கும் தண்ணீர் சமமாகப் போக, போகும் வழியில் முதலாவதாக இருப்பது திரும்பும் வழியில் கடைசியாக இருக்குமாறு குழாயைச் சுற்றிக் கொண்டுவருவது நல்ல பழக்கம்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூளை

இரண்டு பாய்லர்களுக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட் வைத்து, ஒன்றை 75, மற்றதை 65 டிகிரி என்று அமைத்துவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். ஒன்று ஏறினால் மற்றது அணையும். இரண்டுக்கும் பொதுவான கணக்கு எதுவும் இருக்காது. வேண்டியது, பாய்லர்களைத் தேவைக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாக எரியவிடும் ஒரே கேஸ்கேட் கட்டுப்பாட்டுக் கருவி. அதன் உணரி ஹெடரிலிருந்து வீட்டுக்குப் போகும் நீரின் வெப்பத்தைப் படிக்க வேண்டும். பாய்லரும் கட்டுப்பாடும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருப்பது நல்லது; வெவ்வேறு கம்பெனிகளின் பாய்லர்கள் ஒன்றோடொன்று பேசும் என்று நம்பி வாங்காதீர்கள்.

முதல் பாய்லர் நூறு சதவீதம் எரிந்த பிறகுதான் இரண்டாவது எரிய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்டென்சிங் பாய்லர் குறைந்த சுடரில்தான் அதிகச் சிக்கனம் தரும். ஆகவே ஒன்றை முழு வீச்சில் ஓட்டுவதைவிட இரண்டை அரை வீச்சில் ஓட்டுவது பெரும்பாலும் மேல். இரண்டாவது பாய்லர் எவ்வளவு நேரம் காத்திருந்து சேர வேண்டும் என்பதையும் வீட்டுக்கேற்ப அமைக்க வேண்டும். மிகக் குறைவாக வைத்தால் ஐந்து நிமிடத் தேவைக்கெல்லாம் அதுவும் எழுந்து, உடனே இரண்டும் அணையும். முதலில் எரிய வேண்டிய பாய்லர் எது என்பதை ஓடிய மணிநேரத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டே வந்தால் தேய்மானமும் சமமாகும்.

சுடுநீர் சிலிண்டரை ஹெடருக்குப் பின்னால் மற்றச் சுற்றுகளோடு சேர்த்துப் போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. லெஜியோனெல்லா கிருமியைத் தடுக்கச் சிலிண்டரில் நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்குப் பாய்லர் 70, 75 டிகிரியில் அனுப்பும். கலப்பு வால்வு இல்லாவிட்டால் அதே கொதிநீர் ரேடியேட்டருக்கும், 40 டிகிரியே போதுமான தரைவழிச் சூட்டுக்கும் போகும். ஒரு பாய்லரை மட்டும், ஹெடருக்கு முன்னாலேயே திசைமாற்று வால்வு வைத்துச் சிலிண்டருக்கு ஒதுக்கினால், மற்றது தாழ்ந்த வெப்பத்தில் வீட்டைக் கவனித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

புகையும் கழிவுநீரும்

எல்லாப் பாய்லர்களின் புகையையும் ஒரே குழாயில் சேர்த்தால், ஒவ்வொன்றிலும் புகை பின்வாங்காதபடி தடுக்கும் மடல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரியும் பாய்லரின் புகை, அணைந்திருக்கும் பாய்லர் வழியாக அறைக்குள் வரலாம். கார்பன் மோனாக்சைடு உயிரைக் கொல்லும். இதில் சிக்கனத்துக்கு இடமே இல்லை. அந்தப் பாய்லருக்கென்று தயாரிப்பாளர் ஒப்புதல் தந்த பொதுப் புகைக்குழாயைத்தான் போட வேண்டும். முடிந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் புகைக்குழாய் வையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் அறையில் இருக்க வேண்டும்.

கண்டென்சிங் நீர் அமிலத்தன்மை கொண்டது. செம்புக் குழாயை அரித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக்தான் போட வேண்டும். 2010 டிசம்பர் கடுங்குளிரில் பிரிட்டன் முழுக்க ஏராளமான பாய்லர்கள் நின்றுபோனதற்கு, வெளிச்சுவரில் ஓடிய இந்தக் குழாய் உறைந்ததே காரணம். இணைத்த பாய்லர்களில் எல்லாவற்றின் கழிவும் ஒரே மெல்லிய குழாயில் வெளியே போனால், அது உறையும் இரவில் எல்லாம் ஒன்றாக நிற்கும். ஒன்று பழுதானால் மற்றது காக்கும் என்று செலவழித்த பணம் அந்த ஓர் இரவில் உதவாது. குழாயை வீட்டுக்குள்ளேயே வடிகாலில் சேருங்கள். வெளியே போயாக வேண்டுமென்றால் பருமனாகவும் சரிவாகவும் காப்புப் போட்டும் அமையுங்கள்.

இதே கண்ணோட்டத்தில் மற்றவற்றையும் பாருங்கள். ரேடியேட்டர் பக்கம் ஒரே பம்ப்தானா? பாய்லர்களுக்கெல்லாம் ஒரே மின் சுவிட்சா? ஒன்றைக் கழற்றிப் பழுதுபார்க்கும்போது மற்றது ஓட, இருபுறமும் அடைக்கும் வால்வுகள் இருக்கின்றனவா? ஒவ்வொரு பாய்லருக்கும், அழுத்தம் மிஞ்சினால் நீரை வெளியே விடும் தனிப் பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டும். பாய்லருக்கும் அந்த வால்வுக்கும் நடுவே அடைப்பு வால்வு எதுவும் வரவே கூடாது.

பழைய குழாயில் புதிய பாய்லர்

நாற்பது ஆண்டுப் பழைய ரேடியேட்டர்களின் அடியில் கறுப்புச் சேறு படிந்திருக்கும். இரும்பு துருப்பிடித்து உண்டாகும் அந்தத் துகள், புதிய பாய்லரின் குறுகிய நீர்வழிகளை முதல் குளிர்காலத்திலேயே அடைக்கக்கூடும். கழுவி, துருத்தடுப்பு மருந்து சேர்த்து, காந்த வடிகட்டி வைக்க வேண்டும். குழாய்கள் மிகவும் பழையவை என்றால், ஹெடருக்குப் பதிலாக, உலோகத் தட்டுகள் வழியாக வெப்பத்தை மட்டும் கடத்தும் தட்டு வெப்பமாற்றி வைத்து இரு தண்ணீரையும் கலக்கவே விடாமல் பிரித்துவிடலாம். கொஞ்சம் வெப்பநிலை இழப்பு உண்டு, பாய்லர் பிழைக்கும்.

சூடாகி விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுக் கொள்கலனை மறக்காதீர்கள். 600 லிட்டர் நீர் உள்ள அமைப்பு 80 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 18 லிட்டர் விரியும். கொள்கலனில் பாதிக்கும் குறைவான இடமே பயன்படும் என்பதால் 50 லிட்டருக்கு மேல் தேவை. பாய்லருக்குள் இருக்கும் எட்டுப் பத்து லிட்டர் கொள்கலன்களை நம்பினால் பாதுகாப்பு வால்வு சொட்டிக்கொண்டே இருக்கும், அழுத்தம் குறையும், புதுத் தண்ணீரும் அதோடு ஆக்சிஜனும் உள்ளே போய் மறுபடி துருவை உண்டாக்கும்.

வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில் வீட்டில் இருங்கள். முதல் பாய்லரின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது தானாக எழுந்து வீட்டை எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டாவதை நிறுத்தி முதலாவதைப் பாருங்கள். எல்லாம் ஓடும்போது ஹெடரின் நான்கு முனைகளிலும் வெப்பநிலையை அளந்து, குழாய் வரைபடத்தோடு சேர்த்து எழுதி, பாய்லர் அறைச் சுவரிலேயே ஒட்டச் சொல்லுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.