பட்டாளத்துக்குப் போகிற பையன்களுக்குக் குத்துச்சண்டை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மண்டபத்துக்கு வருகிற பையன்களில் பாதிப் பேர் பட்டாளத்துக்கு மனுப் போட்டவர்கள். போர்ட் டிக்சனில் அடிப்படைப் பயிற்சி தொடங்குவதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ளணும் என்று வருவார்கள். வந்ததுமே, "மாஸ்டர், எப்போ கிளவுஸ் மாட்டலாம்?" என்பார்கள். 21 வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன் நான். முதல் மூன்று வாரம் கயிறுதான் தம்பி, வேறு பேச்சே இல்லை.

மூன்று நிமிஷம் கயிறு தாண்டு, ஒரு நிமிஷம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. பெரியவர்களுக்கான அமெச்சூர் போட்டியின் கணக்கும் இதுதான். நான் பார்ப்பது அந்த ஓய்வு நிமிஷத்தைத்தான். உட்காராமல் மெதுவாக நட, மூக்கால் இழு, வாயால் அதைவிட நீளமாக விடு. நிமிஷம் முடிகிற நேரத்தில் பிறந்த தேதியில் தொடங்கும் உன் ஐசி (அடையாள அட்டை) நம்பரைச் சொல்லச் சொல்வேன். 12 எண்ணும் ஒரே மூச்சில், தடுமாறாமல் வரணும். முதல் வாரம் பிறந்த தேதியைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். போகப் போக மாநில எண்ணையும் தாண்டிக் கடைசி எண் வரை வந்துவிடுவார்கள். முதுகில் சுமையோடு மேடேறி ஓடிய சிப்பாய் ரேடியோவில் இடத்தைத் தெளிவாகச் சொல்வதற்கும் இதே மூச்சுதான் வேணும். அடி வாங்கினால்தான் மனசு உறுதிப்படும் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

அப்புறம் கால். இடது கால் முன்னால், வலது குதிகால் லேசாகத் தூக்கியபடி. கையால் மட்டும் குத்தாதே. பாதம் தரையைத் தள்ளி, இடுப்பு திரும்பி, கடைசியாகத்தான் கை நீளணும். குத்தும்போது மூச்சை 'ஸ்ஸ்' என்று விடு. போன வழியே கை தாடைக்குத் திரும்பணும். வலது கைக்காரனுக்குச் சொன்னேன். இடது கைக்காரன் மாற்றிக்கொள்ளட்டும்.

கிளவுஸுக்குள் கையில் சுற்றும் கைத்துணி நாலரை மீட்டர் நீளம் இருக்கட்டும். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டை மூன்று முறை சுற்றி, விரல் முட்டிக்குப் போ. விரலை மடக்கினால் இறுகணும், விரித்தால் ரத்தம் ஓடணும்.

குத்திப் பழகுகிற மூட்டை வாங்கக் காசு இல்லையென்றால் சாக்குக்குள் பழைய துணியை அடைத்துக் கட்டு. மணலைக் கொட்டாதே. இரண்டு வாரத்தில் மணல் இறங்கி அடிப்பக்கம் கல்லாகிவிடும், முட்டி பெயரும்.

வெயில் தாழ்ந்த பிறகு, வாரத்துக்கு நாலு நாள் போதும். தண்ணியை இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடி.

ஆளோடு ஆள் மோதுவது கடைசியில்தான். முதலில் கிளவுஸ் இல்லாமல் தோளைத் தொடும் ஆட்டம்: ஒருவன் தொடப் பார்ப்பான், மற்றவன் கண்ணை மூடாமல் விலகுவான். முகத்தைத் திருப்புகிற பழக்கம் இதிலேயே பாதி போய்விடும். பிறகு 16 அவுன்ஸ் கிளவுஸ், பல் காப்பு, இடது கை நேர்க்குத்து மட்டும்.

பையன்கள் யூடியூபில் பிரிட்டிஷ் பாராசூட் படையின் 'மில்லிங்' பார்த்துவிட்டு வருவார்கள். 60 வினாடி, தடுக்காமல் விலகாமல் அடித்துக்கொள்வது. அது ஆள் எடுப்பதற்கு வைக்கிற சோதனை, பயிற்சி இல்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஆண்களுக்கு 1905 முதல் குத்துச்சண்டை கட்டாயம், 2016இல் பெண்களுக்கும் வந்தது. அங்கேயும் தலைக்காயம் பற்றி விவாதம் எழாமல் இல்லை.

ஆகவே என் மண்டபத்தில் தலையில் பட்டு ஒருவன் தள்ளாடினாலோ, வாந்தி வந்தாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. நேராக டாக்டர். அவர் சரி என்கிற வரை கிளவுஸும் கிடையாது, புட்சால் பந்தாட்டமும் கிடையாது. அன்றைக்கு மோட்டார் சைக்கிள் சாவி என்னிடம்தான் இருக்கும். வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப் போகட்டும்.