அறுப்பு வளைஞ்சா பாரை மாத்தாதீங்க: செயின்சா சாணையில நடக்குற தப்புகள்

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு ஓயுறதுக்கு முன்னாடி எங்க பட்டுக்கோட்டை பக்கம் செயின்சா, அதாவது செயின் ஓடி மரம் அறுக்கிற மிஷின், வச்சிருந்த ஆளுங்க ரொம்ப கம்மி. விழுந்து கிடந்த தென்னையை எல்லாம் அறுத்து அப்புறப்படுத்தணுமே, அதுக்குன்னு வந்த மிஷினுங்க அப்படியே ஊர்ல தங்கிடுச்சு, மிஷின் தங்குனதும் செயினுக்கு சாணை பிடிக்கிற மேஜை கிரைண்டரும் பின்னாடியே வந்து சேர்ந்துச்சு. இப்ப புதுசா கிரைண்டர் வாங்கிப் போட்டு கடை வைக்கிற தம்பிங்க செய்யிற வேலை என் கைக்கு திரும்பி வருது பாருங்க, அதைப் பாத்துதான் இதை எழுதுறேன். கண்ணாடி மாட்டு, விரிசல் விட்ட கல்லைப் போடாதே, இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, விட்டுடுறேன்.

தப்பான தடிமன்ல கல்லு போடுறது

செயினை அதோட பிட்ச் அளவை (கண்ணி இடைவெளி, இன்ச்ல) வச்சுத்தான் சொல்லுவோம். ஒரு நூல்னா அரைக்கால் இன்ச். 3/8 லோ புரொஃபைல், .325 செயினுங்களுக்கு பெரும்பாலும் ஒரு நூல் கல்லு, பெரிய 3/8-க்கும் .404-க்கும் ஒன்றரை நூல் கல்லு. ரெண்டு நூல் கல்லு ரேக்கருக்கு, அதாவது ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாடி நிக்கிற குட்டித் திமிலுக்கு மட்டும்தான். மிஷின் கூட வந்த கல்லு எதுவோ அதையே எல்லா செயினுக்கும் போட்டு ஓட்டாதீங்க. சந்தேகம்னா செயின் டப்பாவைப் பாருங்க, பல்லு சாய்வு 30 டிகிரியா 25-ஆங்கிறதும் அதுலயே இருக்கும்.

இடது பல்லு ஒரு நீளம், வலது பல்லு ஒரு நீளம்

இதுதான் எனக்கு இன்னைக்கும் எரிச்சல் கிளப்புற விஷயம், ஏன்னா இதுல காசு போறது சாணை பிடிச்சவனுக்கு இல்ல, மிஷின்காரனுக்கு.

போன சீசன்ல ஒரு தம்பி வந்தான், 58 சிசி சைனா மிஷின், 20 இன்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீட்டு இரும்புத் தகடு). "அண்ணே, பார் கோணிப்போச்சுண்ணே, நல்ல பாரா ஒண்ணு சொல்லுங்க"ன்னான். தூங்குமூஞ்சி மரத்துல வச்சிருக்கான், அறுப்பு நேரா இறங்காம பிறை மாதிரி வளைஞ்சு உள்ள போயி பார் சிக்கிக்கிச்சு, ஆப்பு அடிச்சுத்தான் வெளிய எடுத்திருக்கான். "இப்ப போட்டிருக்கிற பார் எப்ப வாங்குனது"ன்னு கேட்டா, "இதே பிரச்சனைக்குத்தாண்ணே போன மாசம் மாத்துனேன்"ங்குறான். சாணை பிடிச்ச கடையிலயே பார் தேஞ்சுபோச்சுன்னு சொல்லி வித்திருக்காங்க. செயினைக் கழட்டி வெர்னியர் வச்சேன். இடது பக்கப் பல்லு எல்லாம் ஏழரை மில்லிக்கு மேல, வலது பக்கம் ஆறு கூட இல்ல. பளபளன்னு இருக்கு, ஒவ்வொரு பல்லும் நகத்துல வச்சா சீவுற அளவுக்கு கூர். கூரு இருந்து என்ன பண்றது?

நீளம் மாறுனா அறுப்பு ஏன் வளையணும்? செயின் பல்லோட மேல்தகடு முன்பக்கம் உயரமா இருந்து பின்னாடி போகப் போக சரிஞ்சு இறங்கும். அதனால சாணை பிடிச்சு பல்லு குட்டையாக ஆக, உயரமும் குறைஞ்சுக்கிட்டே வரும். பல்லு எவ்வளவு கடிக்கணும்னு தீர்மானிக்கிறது அதுக்கு முன்னாடி இருக்கிற ரேக்கர். கிரைண்டர்ல ரேக்கரை எல்லாத்தையும் ஒரே மட்டத்துல சீவி விட்டுடுறோம், ஆனா பல்லு உயரம் ரெண்டு பக்கமும் வேற வேறயா நிக்குது. நீளமான பக்கம் ஆழமா கடிக்கும், குட்டையான பக்கம் சும்மா தடவிட்டுப் போகும். எந்தப் பக்கம் அதிகமா கடிக்குதோ அந்தப் பக்கமா மிஷின் இழுத்துக்கிட்டு போகும். அந்த நிலைமையில ஆளு நேரா வர வைக்கணும்னு முறுக்கிப் பிடிச்சா பாரோட ஒரு பக்க விளிம்பு தேய ஆரம்பிக்கும், அப்புறம் நெஜமாவே பார் போயிடும். அந்தத் தம்பிக்கு ரெண்டாவது பாரும் பாதி அந்த நிலைமைக்கு வந்திருந்துச்சு.

அரம் பிடிச்சு கை வேலை பண்றவங்க சிலபேரு நீளம் ஒண்ணும் முக்கியமில்லைனு வாதம் பண்ணுவாங்க. அவங்க ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியா கேஜ் வச்சு அந்தப் பல்லுக்கு ஏத்த மாதிரி ரேக்கரை இறக்குவாங்க, அப்படி பண்ணா அவங்க சொல்றது சரிதான். நாம அப்படியா பண்றோம்? ஒரே செட்டிங்ல கடகடன்னு இறக்குறோம், அப்ப நீளம் சமமா இருந்தே ஆகணும்.

சரி, கிரைண்டர்ல டிகிரி எல்லாம் அச்சடிச்சு இருக்கே, எப்படி மாறுதுன்னு கேப்பீங்க. செயினைப் பிடிச்சிருக்கிற வைஸை இந்தப் பக்கம் 30-ல வச்சு ஒரு பக்கப் பல்லை முடிச்சுட்டு அந்தப் பக்கம் 30-க்கு திருப்புறோம்ல, அது சுத்துற மையமும் கல்லு வந்து இறங்குற இடமும் விலை கம்மியான மிஷின்ல துல்லியமா ஒண்ணா இருக்காது. கொஞ்சம் தள்ளி இருந்தாலும் ஒரு பக்கம் கூடுதலா தின்னும். அதோட, கல்லு மாட்டியிருக்கிற தலையோட கீல்ல ஆட்டம் இருக்கும், கைப்பிடியைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, லொட லொடன்னா அதுவும் உங்க நீளத்துல சேர்ந்துக்கும். பல்லுக்குப் பின்னாடி முட்டுக் கொடுக்குற நாக்கு தகரம் மாதிரி வளையும். இதுக்கு நடுவுல கல்லும் தேயுது.

நான் பண்றது இதுதான். முதல்ல வெர்னியர் வச்சு ரெண்டு பக்கத்துலயும் எது ரொம்ப குட்டைப் பல்லுன்னு தேடுவேன், அதுக்கு மார்க்கர்ல ஒரு புள்ளி. அந்தப் பல்லுல கல்லு லேசா உரசுற அளவுக்கு முட்டு நாக்கை செட் பண்ணி அந்தப் பக்கம் முழுக்க முடிப்பேன். 76 டிரைவ் லிங்க் (பார் காடிக்குள்ள ஓடுற கண்ணி) செயின்னா 38 பல்லு, பக்கத்துக்கு 19. அப்புறம் வைஸைத் திருப்புனதும் அப்படியே ஓட்ட மாட்டேன், ஒரே ஒரு பல்லை மட்டும் லேசா தொட்டு எடுத்து அளப்பேன், முதல் பக்கத்தோட ஒத்துவர்ற வரைக்கும் முட்டைத் திருகித் திருகி கொண்டாருவேன், அதுக்கப்புறம்தான் மிச்சம் 18. கால் மில்லிக்குள்ள வித்தியாசம் இருந்தா நான் விட்டுடுவேன், அதுக்கு மேல விடமாட்டேன். கைப்பிடியை எப்பவும் ஒரே பக்கமா லேசா அணைச்சு இறக்குனா கீல் ஆட்டமும் பெருசா தெரியாது. இதுக்கெல்லாம் சேர்த்து அஞ்சு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான், அந்த அஞ்சு நிமிஷம் இல்லாமத்தான் அந்தத் தம்பி ஒரு பார் வாங்கியிருக்கான்.

இந்தப் பல்லு வந்த கதையே இடது வலதுல இருந்துதான். அமெரிக்காவுல ஓரிகன் பக்கம் மரம் அறுத்துக்கிட்டிருந்த ஜோ காக்ஸ், 1946-ல ஒரு மரக்கட்டைக்குள்ள புழு ஒண்ணு தாடையால இடதும் வலதுமா மாறி மாறி கடிச்சுக்கிட்டு போறதைப் பாத்துட்டுத்தான் இந்த வளைஞ்ச பல்லையே செஞ்சாரு, அடுத்த வருஷம் கம்பெனியும் வச்சாரு. புழு ரெண்டு பக்கமும் சமமா கடிச்சிருக்கு, நம்மாளுக்குத்தான் அது வரமாட்டேங்குது.

ஒரு உடைஞ்ச பல்லுக்காக மொத்த செயினையும் தின்னுடுறது

குட்டைப் பல்லு அளவுக்கு எல்லாத்தையும் கொண்டுவான்னு சொன்னேன்ல, அதுக்கு விதிவிலக்கு இது. ஆணியில பட்டு ஒரு பல்லோ ரெண்டு பல்லோ பாதியா போயிருந்தா அதைக் கணக்குலயே சேக்காதீங்க. முடிஞ்ச அளவு கூர் போட்டு விட்டுடுங்க, மிச்சப் பல்லு தேஞ்சு அந்த அளவுக்கு வர்றப்ப அதுவும் வேலைக்கு வந்துடும்.

பல்லை நீலம் பாய விடுறது

கல்லை பல்லு மேல வச்சு அழுத்திக்கிட்டே நிக்குறது. பல்லு முனையில நீலம் ஏறிடுச்சுன்னா அந்த இரும்போட பதம் கெட்டுப்போச்சு. நல்லா சாணை பிடிச்ச மாதிரிதான் இருக்கும், ஆனா ரெண்டு மரத்துல மழுங்கிடும். இல்லன்னா முனை கண்ணாடி மாதிரி இறுகிப்போயி, வயல்ல அரம் போட்டா வழுக்கிக்கிட்டே போகும். தொடு, எடு, தொடு, எடு. அப்பவும் சூடாகுதுன்னா கல்லு முகம் எண்ணெயும் தூளும் ஏறி அடைச்சுக்கிச்சுன்னு அர்த்தம், டிரஸ்ஸிங் கல்லால ஒரு இழுப்பு இழுத்து புதுசாக்குங்க. எங்க ஊரு தென்னை மணல்ல கிடந்து வர்றது, முனை நல்லாவே மழுங்கியிருக்கும், ஒரே இறக்குல சரி பண்ணிடலாம்னு நினைச்சா நீலம்தான் வரும். ரெண்டு சுத்தா போங்க.

பெட்ரோல்ல கழுவுன ஈரத்தோட கல்லுல காட்டுறது

பொறி பறக்குற இடம்யா அது.

ரேக்கர்

ரெண்டு ரகமா தப்பு பண்றாங்க. ஒண்ணு, தொடவே மாட்டாங்க, நாலு சாணை ஆனதும் மாவு மாதிரி தூள் கொட்டுது, செதில் வரமாட்டேங்குதுன்னு வருவாங்க. இன்னொண்ணு, வேகமா வெட்டணும்னு இஷ்டத்துக்கு இறக்கிடுவாங்க, அப்புறம் மிஷின் மரத்துல கவ்வி இழுக்கும், எகிறி அடிக்கும், முகத்துக்கு நேரா வரும். பல்லு முனையை விட ரேக்கர் பொதுவா 25 தவ் (இன்ச்சுல ஆயிரத்துல 25 பங்கு) கீழ இருக்கணும், அதாவது சுமார் 0.65 மில்லி. பல்லை முடிச்சு நீளம் சமமான பிறகுதான் ரேக்கர், முன்னாடி இல்ல.

வெல்டிங் பட்டறை கிரைண்டர்ல கையால பிடிச்சு காட்டுறது

பண்ணாதீங்க.

பாரை பாக்காமலே விடுறது

நான் பாரை திட்டாதீங்கன்னு சொன்னதுக்காக பார் எப்பவும் யோக்கியம்னு இல்ல. புது செயின் ஒண்ணு மாட்டி ஒரு கட்டையில இறக்கிப் பாருங்க. நேரா போச்சுன்னா தப்பு உங்க சாணையில. புது செயினும் ஒரு பக்கமா இழுத்தா பாரை கழட்டி சமமான கண்ணாடி மேல செங்குத்தா நிக்க வச்சுப் பாருங்க, ஒரு பக்கம் சாயுதுன்னா விளிம்பு ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. தட்டை அரம் வச்சு ரெண்டு விளிம்பையும் ஒரே மட்டமாக்கி பிசிர் எடுத்து, தலைகீழா திருப்பி மாட்டுங்க. செயின் ஓடுற காடி அகலமாகி செயின் உள்ளயே ஆடுச்சுன்னா மட்டும் புது பார் வாங்குங்க.