பைட் த புல்லட்: எங்க சொல்லலாம், எங்க வேண்டாம்

இங்கிலீஷ்ல பைட் த புல்லட்னா (தோட்டாவைக் கடிக்கறதுன்னு நேர் அர்த்தம்) கஷ்டத்தை தாங்கிக்கறதுன்னு தான் நிறைய பேர் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க, அது பாதி தான் சரி. வலிக்கும்னு தெரிஞ்சு தள்ளிப் போட்டுட்டே வந்த வேலையை, சரி ஆனது ஆகட்டும்னு இறங்கி பண்ணிடறோம் பாருங்க, அதுக்கு தான் இது. சும்மா பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தா பத்தாது, நீங்களா ஒரு முடிவு எடுத்திருக்கணும்.

சொத்தைப் பல்லையே எடுத்துக்கோங்க. மாசக்கணக்கா ஒரு பக்கமாவே மென்னு, ராத்திரி கிராம்பு வச்சு சமாளிச்சு, கடைசியில ஒரு நாள் போனை எடுத்து அப்பாயின்ட்மென்ட் போடறீங்கல்ல, அங்க சொல்லுங்க: ஐ ஃபைனலி பிட் த புல்லட் அண்ட் காட் எ ரூட் கெனால். கிராம்பு வச்சு ஓட்டின மாசங்களுக்கு க்ரின் அண்ட் பேர் இட், அதாவது முகம் சுளிக்காம பொறுத்துக்கறது, அது தான் பொருந்தும்.

பாஸ்ட் டென்ஸ் பிட், ஹேவ் வந்தா பிட்டன். எத்தனை பேர் சேர்ந்து கடிச்சாலும் புல்லட் ஒன்னே ஒன்னு தான், வி ஆல் ஹேட் டு பைட் த புல்லட், அந்த 'த'வை எடுத்துட்டு 'எ' போட்டா கேக்கறவனுக்கு நிஜ தோட்டா தான் ஞாபகம் வரும். டாட்ஜ் எ புல்லட்ல 'எ' வரும், ஆனா அது மயிரிழையில தப்பிக்கறது, வேற கதை. பைட் த டஸ்ட்டும் வேற, அது நம்ம மண்ணைக் கவ்வறது.

இந்த சொலவடை எப்படி வந்துச்சுன்னு கேட்டா, மயக்க மருந்து இல்லாம ஆபரேஷன் பண்ணப்போ சிப்பாய் வாயில தோட்டாவை வச்சாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க, அதுவும் அமெரிக்க உள்நாட்டுப் போர்லன்னு. 1846லயே பாஸ்டன்ல ஈதர்ங்கற மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் பண்ணிட்டாங்க, 1861ல போர் ஆரம்பிச்சப்போ ஈதர், குளோரோஃபார்ம் ரெண்டுமே புழக்கத்துல இருந்துச்சு, அதனால எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல. அதைவிட பழைய சாட்சி ஃபிரான்சிஸ் குரோஸோட கொச்சை வார்த்தை அகராதி, 1796 பதிப்பு. சவுக்கடி வாங்கும்போது கத்தற சிப்பாய்க்கு நைட்டிங்கேல்னு, அதாவது பாடற பறவைன்னு பட்டப்பேராம், அந்தப் பேர் வந்துடக்கூடாதுன்னு கிரனேடியர்ங்கற படைப்பிரிவு ஆளுங்க தோட்டாவை மென்னுட்டே அடி வாங்குவாங்களாம்.

ஆபீஸ் பேச்சுல, மெயில்ல தாராளமா போடலாம், வாடகை ஏறிடுச்சு, ஆள் குறைக்கணும், பழைய சாஃப்ட்வேரை தூக்கணும் மாதிரி விஷயத்துக்கெல்லாம் கச்சிதமா உக்காரும். துக்க வீட்டுல மட்டும் யார்கிட்டயும் யூ ஹேவ் டு பைட் த புல்லட்னு சொல்லிடாதீங்க, ஆறுதல் மாதிரி இருக்காது, சீக்கிரம் எழுந்து வேலையைப் பாருன்னு விரட்டற மாதிரி இருக்கும்.