தேங்காய் நிமிர்ந்தால் தண்ணீர் இருக்குமா? நீரோட்டம் பார்ப்பதைச் சோதிக்கும் முறை

எதையும் கேள்வி கேட்காமல் ஏற்கமாட்டேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவர்கள் வடாற்காட்டில் ஊருக்கு நான்கு பேர் இருப்பார்கள். போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடும் நாள் நெருங்கினால் அவர்களும் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பாதி, "எதுக்கும் பாத்துடலாம்" என்று, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்து, அது நிமிரும் இடத்தில் நீரோட்டம் உண்டு என்று சொல்பவரை அழைத்துவரும். இன்னொரு பாதி, "அதெல்லாம் சும்மா" என்று வீட்டிலிருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடும். இரு பக்கமும் சோதித்துப் பார்த்துப் பேசுவதில்லை. சோதிக்கப் பெரிய செலவும் இல்லை. மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளி 10, அளவு நாடா ஒன்று, முளைக்குச்சிகள், கறுப்புத் துணி, ஒரு நோட்டு, ஒரு பகல் முழுக்க இருக்கக்கூடிய ஐந்து பேர் போதும்.

முதலில் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய வடாற்காட்டின் பெரும்பகுதி, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள், நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மேலே மண், அதன் கீழே சிதைந்து உதிரும் பாறை, அதற்கும் கீழே முழுப் பாறை. தண்ணீர் நிற்பது சிதைந்த பாறையிலும், முழுப் பாறையின் வெடிப்புகளிலும்தான். நீரோட்டம் என்றதும் பலர் மனதில் வரும் பூமிக்கடி வாய்க்கால் இங்கே கிடையாது. இதனால் சோதிப்பவருக்கு ஒரு சிக்கல் வருகிறது. சிதைந்த பாறை கனமாக இருக்கும் நிலத்தில் எங்கே துளைத்தாலும் கொஞ்சமாவது ஈரம் வரும். "அவரு சொன்ன எடத்துல தண்ணி வந்துச்சு" என்பது அங்கே எதையும் நிரூபிக்காது. பாலாற்றங்கரை மணலில் இன்னும் மோசம். மணலில் நீர் இருக்கும் காலத்தில் எந்த இடத்தைக் காட்டினாலும் அது சரியான இடமாகிவிடும். அங்கே சோதனை வைக்காதீர்கள். அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம் பக்கத்து மேட்டு நிலங்கள் போல, ஒரு போரில் தண்ணீரும் பக்கத்துப் போரில் புழுதியும் வரும் இடத்தில்தான் கேள்விக்கே அர்த்தம் உண்டு.

கையைச் சோதிப்பது

இதற்கு யாரையும் அழைக்க வேண்டாம். ஒரு அடி நீள நூலில் மோதிரத்தைக் கட்டி, முழங்கையை எதிலும் ஊன்றாமல் பிடித்துக்கொண்டு, "முன்னும் பின்னும் ஆடு" என்று மனதில் நினையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பாலோருக்கு அது ஆடத் தொடங்கும். கை அசைந்ததாகவே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால் ஆட்டம் தளர்ந்துபோகும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1833-ல் எழுதிவைத்த சோதனை இது. நினைப்பு நமக்குத் தெரியாமலே தசையை அசைப்பதை 1852-ல் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெயர் சூட்டி விளக்கினார்.

நீரோட்டம் பார்க்கக் கையில் பிடிக்கும் தேங்காய், கவட்டைக் குச்சி, எல் வடிவக் கம்பி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குடுமியோடு உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய் நிலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. விரல் நுனி லேசாக உயர்ந்தாலே சாய்ந்துவிடும். வேப்பங்கவட்டையைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும்போது மணிக்கட்டு ஒரு கடுகளவு திரும்பினாலும் நுனி சட்டென்று இறங்கும். பிடித்திருப்பவர் நடிக்கிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலும் அவர் முழு மனதோடு நம்பித்தான் நடக்கிறார். இதைச் சோதனைக்கு வருகிற எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டு வந்து நிற்பவர்களால்தான் பாதிச் சோதனைகள் சண்டையில் முடிகின்றன.

நீரோட்டம் பார்ப்பவர் வந்ததும் முதலில் செய்யவேண்டியது சுலபம். தேங்காய் நன்றாக நிமிர்ந்த இடத்திலேயே மூன்று கால் ஸ்டூலை ஆடாமல் நிறுத்தி, அதன் மேல் மணல் நிரப்பிய சிறு துணிப்பையைக் குழியாக அமுக்கி, அதே தேங்காயை அதே போலப் படுக்கவையுங்கள். யாரும் தொடக்கூடாது. பத்து நிமிடம் பாருங்கள். "மனுச உடம்பு வழியாத்தான் சக்தி ஏறும்" என்று அவர் சொல்லக்கூடும். சொன்னால் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போங்கள். வாதாட வேண்டாம்.

கண்ணைக் கட்டிய நடை

மூன்று சோதனைகளில் இதுதான் முக்கியம். அனுபவமுள்ளவருக்கு நிலத்தைப் படிக்கத் தெரியும். புற்று எங்கே, நாவலும் மருதும் எங்கே பச்சையாக நிற்கின்றன, தாழ்வு எந்தப் பக்கம், பக்கத்துக் கொல்லைக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும். அந்த அறிவு உண்மையானது. நமக்குத் தெரியவேண்டியது, கண் பார்த்ததை விட்டுவிட்டால் தேங்காய் தனியாக ஏதாவது சொல்கிறதா என்பது மட்டுமே.

ஏறக்குறைய ஒரு ஏக்கர் தரிசு போதும். உழவு சால் ஆழமாக இருந்தால் பரம்படித்துச் சமன்செய்யுங்கள். முதலில் அவர் கண் திறந்தபடி நடந்து, தனக்கு மிக நிச்சயமான மூன்று இடங்களைக் காட்டட்டும். ஒவ்வொரு இடத்தையும் கொல்லையின் இரண்டு மூலைக் கற்களிலிருந்து நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். இரண்டு அளவு இருந்தால் இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். கைபேசி ஜிபிஎஸ் இதற்கு ஆகாது. சில மீட்டர் தள்ளிக் காட்டும், நமக்கு வேண்டியதோ அடிக்கணக்கு. அளந்ததும் முளையைப் பிடுங்கி, துளையை மூடி, மேலே மண்ணைத் தூவிவிடுங்கள்.

இந்த வேலை நடக்கும்போது அங்கே இல்லாத ஒருவர்தான் பிறகு அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இடம் தெரிந்தவர் கூட நடந்தால், அருகில் வரும்போது நடை தானாகத் தளரும், மூச்சு மாறும். பிடித்த கை அதைச் சொல்லிவிடும். இடம் தெரிந்த மற்றவர்களும் கொல்லையை விட்டு வெளியே, பேச்சுக் காதில் விழாத தூரத்துக்குப் போய்விட வேண்டும்.

கண்ணில் பஞ்சு வைத்து அதன் மேல் மடித்த கறுப்புத் துணியைக் கட்டுங்கள். வெறும் துணி என்றால் மூக்கோரம் கீழே தெரியும். செருப்பு போட்டிருக்கட்டும், வெறுங்கால் நிலத்தின் மேடுபள்ளத்தைக் கண்டுகொள்ளும். பக்கத்தில் மோட்டார் ஓடினால் அந்தச் சத்தமே திசை காட்டிவிடும், அதை நிறுத்தச் சொல்லுங்கள். தொடங்கும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவரை இரண்டு மூன்று சுற்று சுழற்றி நடக்கவிடுங்கள். தேங்காய் நிமிரும் இடத்தில் எண் எழுதிய முளை அடிக்கவேண்டும். ஒரு நடைக்கு மூன்று முளைக்கு மேல் கூடாது. ஐந்து நடை போதும், நடுவே இளநீரும் நிழலும் கொடுங்கள். வெயிலில் களைத்துப்போனதால் தவறியது என்று பிறகு யாரும் சொல்ல இடம் வைக்கக்கூடாது.

எவ்வளவு அருகில் வந்தால் சரி என்பதைத் தொடங்கும் முன்பே அவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். "ஐயா, நீங்க காட்டுற எடத்துலருந்து எவ்ளோ தள்ளிப் போட்டா தண்ணி வராது?" என்று கேட்டால் பொதுவாக மூன்றடி, ஐந்தடி என்பார்கள். ஐந்தடி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தடி ஆரமுள்ள மூன்று வட்டங்களின் பரப்பு சுமார் 236 சதுர அடி, ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. கண்ணை மூடிக்கொண்டு அடித்த ஒரு முளை தற்செயலாக உள்ளே விழ ஏறக்குறைய 185-ல் ஒரு வாய்ப்பு. ஆகவே 15 முளையில் நான்கைந்து உள்ளே விழுந்தால் அது பெரிய சங்கதி. ஒன்றும் விழாவிட்டால், தேங்காய் காலையில் சொன்ன இடத்தை மதியம் மறந்துவிட்டது என்று ஆகிறது.

வாளி வரிசை

ஒரே நிற 20 லிட்டர் வாளி பத்து. ஒன்றில் தண்ணீர், ஒன்பதில் உலர்ந்த மணல். தண்ணீரை முந்தின இரவே பிடித்து வைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வாளியின் வெளிப்புறம் வியர்த்துக் காட்டிக்கொடுக்கும். ஆறடி இடைவெளியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சாக்கால் போர்த்துங்கள்.

எந்த இடத்தில் தண்ணீர் வாளி வரவேண்டும் என்பதை 1 முதல் 10 வரை சீட்டெழுதிக் குடத்தில் போட்டு எடுக்கவேண்டும். மனதில் தோன்றிய எண்ணை வைக்காதீர்கள். மனிதர்கள் ஓரத்தையும், போன முறை வந்த எண்ணையும் தவிர்ப்பார்கள், பார்ப்பவர் அதை ஊகித்துவிடலாம். எடுத்த சீட்டைத் திரும்பக் குடத்தில் போடுங்கள். வாளி வைக்கும் இருவர் வைத்துவிட்டு மறைவுக்குப் போனபிறகே மற்றவர்கள் வரவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து வாளியையும் தூக்கி மறுபடி வையுங்கள், அதே எண் வந்தாலும்கூட. இல்லாவிட்டால் புதிதாக அழுந்திய மண்ணே விடை சொல்லிவிடும்.

தொடங்கும் முன் இரண்டு ஒத்திகை கட்டாயம். வாளி இல்லாத வெறும் தரையில் நடக்கவிட்டு, அங்கே தேங்காய் நிமிரவில்லை என்று அவரே உறுதிசெய்யட்டும். பிறகு மூடியைத் திறந்து தண்ணீரைக் காட்டிவிட்டு நடக்கவிடுங்கள். தெரிந்திருக்கும்போது நிமிரும். "இன்னிக்கு நல்லா வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் "இந்த எடம் சரியில்ல, நாள் சரியில்ல" என்ற பேச்சுக்கு இதுதான் பதில்.

பத்துச் சுற்று. குருட்டாம்போக்கில் சொன்னாலே ஒன்றாவது சரியாக வர 65 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒன்றோ இரண்டோ சரியானால் கைதட்டாதீர்கள். நான்கும் அதற்கு மேலும் வர 78-ல் ஒரு வாய்ப்பு, ஐந்தும் அதற்கு மேலும் வர சுமார் 600-ல் ஒன்று. எனவே ஐந்து என்று கோடு போட்டு, அதை முன்னாலேயே எழுதி வைத்துவிடுங்கள். நடுவில் நன்றாகப் போகிறது என்று நிறுத்துவதும், மோசமாகப் போகிறது என்று இரண்டு சுற்று கூட்டுவதும் கூடாது.

"வாளித் தண்ணி செத்த தண்ணி, ஓடுற தண்ணியத்தான் இது காட்டும்" என்பது நியாயமான ஆட்சேபம். 1990-ல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த சோதனை இதற்காகவே அமைந்தது. 50 செ.மீ ஆழத்தில் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, ஒரு சுற்றில் தண்ணீரை ஓடவிட்டும் இன்னொரு சுற்றில் நிறுத்தியும், மேலே நின்று சொல்லச் சொன்னார்கள். சுமார் 30 பேர் கலந்துகொண்டார்கள். மொத்தக் கணக்கு ஊகத்துக்கு மேலே போகவில்லை. கொல்லையில் பிவிசி லைன் ஏற்கெனவே புதைந்திருந்தால் நீங்களும் செய்யலாம். ஓடவா நிறுத்தவா என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்யுங்கள், வால்வு திருப்பும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கேட்காத தூரத்தில் வையுங்கள். இங்கே தற்செயலே பாதிக்குப் பாதி என்பதால் 20 சுற்றாவது வேண்டும்.

ஊர் போர் நோட்டு

ஒரு நாள் சோதனையை விட நீடித்த பயன் தருவது இந்த நோட்டு. ஊரில் போட்ட எல்லாப் போரையும், குறிப்பாகப் புழுதி வந்து மூடிய போரையும் எழுதுங்கள். தண்ணீர் வந்த கதை டீக்கடை வரை வரும், வராத கதை கடன் பத்திரத்தோடு பெட்டிக்குள் போய்விடும். சர்வே எண், இடம் காட்டியது யார், எந்த முறையில், அவர் முன்கூட்டிச் சொன்ன ஆழமும் அளவும், போட்ட மாதம், கேசிங் (துளை சரியாமல் இறக்கும் குழாய்) எத்தனை அடி, தண்ணீர் தட்டிய ஆழம், மொத்த ஆழம், வந்த தண்ணீர். யாரிடமும் காட்டாமல் வண்டி நிற்க வசதியான இடத்தில் போட்ட போர்களைத் தனியாகக் குறியுங்கள். ஒப்பிட வேண்டியது அவற்றோடுதான்.

தண்ணீரின் அளவில் ஏமாறுவது சுலபம். வி-நாட்ச் பலகையில், அதாவது போர்த் தண்ணீரை அளக்க வைக்கும் வி வடிவ வெட்டுள்ள பலகையில், வெட்டில் நிற்கும் நீரின் உயரமான "ஒரு இஞ்ச்" என்பது நிமிடத்துக்கு எட்டு ஒன்பது லிட்டர்தான், இரண்டு இஞ்ச் ஏறக்குறைய 48 லிட்டர், மூன்று இஞ்ச் 130 லிட்டர். இஞ்ச் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்காகும். வாய்ச்சொல்லை எழுதாமல் 200 லிட்டர் டிரம் நிரம்பும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். இரண்டு இஞ்ச் என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகவேண்டும்.

நிலத்தின் மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டர் கொண்டுவருபவரையும் இதே நோட்டில் எழுதுங்கள். மெஷின் என்பதற்காக விலக்கு கிடையாது. நான்கு கம்பியை ஒரே கோட்டில் அடித்து, வெளி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தம் பார்ப்பார்கள். வெளிக் கம்பிகளைத் தள்ளத் தள்ள ஆழமான அடுக்கு தெரியவரும். மெஷின் தண்ணீரை நேராகக் காட்டுவதில்லை, மின்தடை குறைந்த அடுக்கைத்தான் காட்டுகிறது. களிமண்ணும் அப்படித்தான் காட்டும். கம்பி வேலிக்கும் இரும்புக் குழாய்க்கும் பக்கத்தில் கோடு இழுத்தால் அளவு கெடும். ஆழத்துக்கு ஆழம் எடுத்த அளவுகளும் வரைபடமும் தராமல் "இங்க போடுங்க" என்று மட்டும் சொன்னால், அதற்கும் தேங்காய்க்கும் உங்கள் நோட்டில் வித்தியாசம் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு இந்த ஆய்வைக் கட்டணத்துக்குச் செய்து தருகிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

முடிவு எதுவானாலும் தேங்காய் பார்த்தவருக்குப் பேசிய கூலியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அவர் சம்மதிக்காமல் வீடியோ எடுக்கக்கூடாது, எடுத்ததை வாட்ஸப் குழுவில் போட்டுச் சிரிக்கவும் கூடாது. வாளிச் சோதனையில் ஐந்து அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், வாளி வைப்பவர்களை மாற்றி, வேறு இடத்தில், வேறு நாளில் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் வந்தால் உங்கள் அவநம்பிக்கையைத்தான் திருத்தவேண்டும், அதற்கு ஆயத்தமாக இல்லாதவர் இந்தச் சோதனையில் இறங்கவே வேண்டாம். சரியாக வராவிட்டால் விடையைக் கூட்டத்தில் கத்தாமல் அவரிடம் தனியாக முதலில் காட்டுங்கள். பிறகு தேங்காயை ஓரமாக வைத்துவிட்டு, கொல்லைக்குள் நுழைந்ததும் எந்த மரத்தை, எந்தப் புற்றை, எந்தத் தாழ்வைப் பார்த்தார் என்று கேட்டு, அந்தப் பதிலுக்கும் நோட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அடுத்து போடும் போர்களில் அந்தக் குறிகளையும் சேர்த்து எண்ணத் தொடங்கலாம்.